ஆமைக்கு வீடு எது?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்பது நம் பாட்டிமார் வாய்மொழி. அமீனா என்பவர் நீதிமன்றத்து ஏவலர். கடன்பட்டவன் வீட்டுக்குச் சப்தி ஆணையோடு வருபவர். அவர் வந்து போன வீட்டில் அண்டாவும் தவலையும் தெருவுக்கு வரும். ஆகவே, அவரைக் கண்டு அஞ்சியதில் பொருள் உண்டு. ஆனால் ஆமை என்ன செய்தது? எவர் வீட்டுத் தவலையை அது தூக்கிச் சென்றது? எவர் குடும்பத்தை அது கெடுத்தது? ஒன்றுமில்லை. ஊர்ந்து வந்த ஓர் ஏழை உயிரின்மீது நாம் சுமத்திய பழி அது.

இன்றோ காற்று திசைமாறி வீசுகிறது. ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்கிறார்கள். கடைவீதியில் பித்தளை ஆமை விற்கிறது; பளிங்கு ஆமை விற்கிறது. அவை போதாவென்று உயிருள்ள ஆமையையும் மறைவில் விலைக்கு வாங்குகிறார்கள். நேற்று அதைக் கேடு என்றோம். இன்று பேறு என்கிறோம். இரண்டு நாளிலும் ஆமையின் நலத்தை எண்ணிப் பார்த்தவர் எவருமிலர். உண்மையைச் சொன்னால், ஆமையின் பக்கம் நின்று பார்க்கும்போது பழைய மூடநம்பிக்கையே மேலானது. அது ஆமையை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. புதிய மூடநம்பிக்கையோ அதைப் பிடித்து உள்ளே அடைக்கிறது.

நூலகத்தில் அமர்ந்து நான் கண்ட முடிவன்று இது. ஜீவனஹள்ளியில் ஒரு வீட்டுக் கொல்லையில் கண்டது.

நம் மன்றத்து இளவல் ஒருவர் காக்ஸ் டவுனை அடுத்த ஜீவனஹள்ளியில் தம் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறார். தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் தெருக்கள் அவை. கன்னடத்தில் 'ஜீவன' என்றால் வாழ்வு. 'ஹள்ளி' என்றால் சிற்றூர். பெயரிலேயே வாழ்வைத் தாங்கிய ஊர்! ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை உணவுக்கு அழைத்திருந்தார். நான் விலங்கியல் பயில்பவன் என்பது அவ்வீட்டாருக்குத் தெரியும். இலை போடுமுன்பே அவருடைய அத்தை மகள், எட்டு வயதுச் சிறுமி, என் கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துச் சென்றாள்.

துணி ஊறவைக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி. அதில் இரண்டு விரற்கடை நீர். நீரில் ஒரு பிடி சோறும், தக்காளித் துண்டுகளும், எச்சமும் மிதந்தன. நடுவில் ஒரு நட்சத்திர ஆமை. அவளுடைய தந்தை புதிதாகக் கடை திறந்தபோது, நற்பேறு வேண்டி, நான்கு ஆண்டுகளுக்கு முன் யாரிடமோ வாங்கி வந்தாராம். அன்று அது உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு.

"அண்ணா, இதோட முதுகு ஏன் இப்படி மேடு மேடா இருக்கு? தேங்காயெண்ணெய் தடவினா சரியாப் போயிடுமா?" என்று கேட்டாள் அச்சிறுமி.

நான் ஆமையைக் கையில் எடுத்தேன். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிந்திருக்க வேண்டிய ஒவ்வொரு தகடும் சிறுசிறு கோபுரமாகக் குவிந்து நின்றது. ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தினேன், அமுங்கியது. வயிற்றுப்புறம் திருப்பினேன். அங்கே வெண்மையாக ஒரு புண். மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம். ஆமை தலையை வெளியே நீட்டவில்லை.

"ரொம்ப சாதுப் பிராணி, தம்பி. ஒரு தொந்தரவும் இல்லை. இருக்கிற இடமே தெரியாது" என்றார் அத்தை. அவர் குரலில் அன்பு இருந்தது. அந்த வீட்டில் கொடியவர் எவரும் இலர். இதனை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அன்பு நிறைந்த வீட்டில்தான் அந்த உயிர் அணுவணுவாக நைந்து கொண்டிருந்தது.

தோழர்களே! ஆமையின் ஓடு என்பது என்ன? நாம் போட்டுக் கழற்றும் சட்டையா? நத்தையின் கூடு போன்றதா? அல்ல. அது ஆமையின் உடம்பே. ஐம்பதுக்கும் மேற்பட்ட எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து ஆனது. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அவ்வோட்டோடு ஒன்றிக் கிடக்கின்றன. மேலே போர்த்திய தகடுகள் நம் நகத்தை ஆக்கிய கெராட்டின் என்னும் பொருளால் ஆனவை. அதன் அடியில் குருதி ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. ஓட்டைத் தொட்டால் ஆமை உணரும். ஓட்டில் அடிபட்டால் ஆமைக்கு வலிக்கும். கயிறு கட்டுவதற்காக ஓட்டில் துளையிடுவதும், அழகுக்காக அதில் வண்ணம் பூசுவதும் எத்தகைய செயல்கள் என்பதை இனி நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

உடம்பின் உள்ளே நடப்பதை ஓடு வெளியே எழுதிக் காட்டுகிறது. ஆமை குரைக்காது, கத்தாது, தொழுவத்து மாடுபோல் கண்ணீர் விடாது. உலையில் ஏற்றிய நீரில், கீழே தீ எரிவதை அறியாமல் ஆமை களித்து ஆடுவதைப் பேதைமைக்கு உவமையாக்கினார் நாலடியார் பாடிய புலவர். இன்று அப்பேதைமை நம்முடையதாகிவிட்டது. அடங்கிக் கிடக்கும் ஆமையைக் கண்டு, "சுகமாக இருக்கிறது" என்கிறோம். அது நோயின் அடக்கம் என்பதை அறியோம். அறிய விரும்புவோர் ஓட்டைப் பார்க்கட்டும்.

அந்த நீலத் தொட்டி என்ன செய்தது என்று பார்ப்போம்.

முதலாவது, வெயிலை மறைத்தது. ஆமையின் உடலில் வைட்டமின் டி உண்டாவதற்குக் கதிரவனின் புற ஊதாக் கதிர் வேண்டும். அந்த வைட்டமின் இன்றேல் உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. எலும்பு நலிந்தால் ஓடு நலியும், கால்கள் வலுவிழக்கும். சன்னலோரம் வைத்தால் போதாதோ என்று சிலர் கேட்பர். போதாது. வெளிச்சம் கண்ணாடியைக் கடந்து வரும். அந்தக் கதிர் வராது.

இரண்டாவது, உணவு. நட்சத்திர ஆமை புல்லும் இலையும் பூவும் உதிர்ந்த கனியும் தின்று வாழும் புதர்க்காட்டு உயிர். அதற்குச் சோறும் ரொட்டியும் பாலும் உணவாகா. அவற்றில் அதற்கு வேண்டிய நாரும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. நாய்க்கு விற்கும் தீனியை இடுவோரும் உண்டு, அதுவும் கேடே. நாம் விரும்பி உண்பதை அதற்கும் ஊட்டுவது விருந்தோம்பல் ஆகாது.

மூன்றாவது, ஈரம். இது பலரும் அறியாதது. காட்டில் வாழும் நட்சத்திர ஆமைக்கும் ஓட்டில் ஓரளவு மேடு இயல்பாகவே உண்டு. ஆனால் கோபுரம் கோபுரமாகக் குவிவது வளர்ப்பின் குறை. மிகையான உணவே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் எண்ணினர். 2003-ஆம் ஆண்டு ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்க நில ஆமைக் குஞ்சுகளை வளர்த்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். வறண்ட காற்றில் வளர்ந்த குஞ்சுகளின் ஓடு பெரிதும் குவிந்தது. ஈரக்காற்றில் வளர்ந்தவை அவ்வளவு குவியவில்லை. உணவில் புரதத்தைக் கூட்டியதும் குறைத்ததும் சிறு வேறுபாட்டையே தந்தன. நம் நட்சத்திர ஆமையும் மழைக்காலத்தில் சுறுசுறுப்படைவது. நனைந்த புல்லடியில் பதுங்குவது. சிமெண்டுத் தரையும் மின்விசிறிக் காற்றும் அதற்கு அயலானவை.

"நீர்தான் தொட்டியில் இருந்ததே!" என்பீர்கள். அதுவே நான்காவது குற்றம். காற்றில் ஈரம் வேண்டும் என்பது வேறு. கழிவு கலந்த நீரில் இரவும் பகலும் கிடப்பது வேறு. நில ஆமையின் வயிற்றோடு அழுக்கு நீரில் ஊறினால் அங்கே கிருமியும் பூஞ்சையும் குடியேறும், ஓடு அழுகும். எண்ணெய் தடவினால் அழுக்கும் கிருமியும் அதில் ஒட்டும், புண் மறையும், ஆறாது.

ஓட்டில் விழுந்த காயம் சிறிதென்று எண்ணற்க. கொல்கத்தா அலிப்பூர் விலங்கியல் பூங்காவில் அத்வைத என்னும் அல்டாப்ரா பேராமை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. அதன் வயது 250 என்று மக்கள் சொல்லிக்கொண்டனர். அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும் நூறாண்டுக்கு மேல் அப்பூங்காவில் வாழ்ந்த முதிய உயிர் அது. அதன் ஓட்டில் வெடிப்பு உண்டாயிற்று. வெடிப்பின் கீழ்ப் புண் உண்டாயிற்று. 2006 மார்ச்சில் அது இறந்தது. மருத்துவரும் காவலரும் சூழ இருந்த பேருயிருக்கே அந்நிலை என்றால், நீலத் தொட்டியில் கிடக்கும் சிற்றுயிருக்கு எந்நிலை?

அப்படியானால் ஆமைக்கு ஏற்ற வீடு எப்படி இருக்க வேண்டும்? சட்டம் இடந்தரும் நாடுகளில், காப்பிடத்தில் பிறந்த நில ஆமைகளை முறையாக வளர்ப்போர் உண்டு. அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். திறந்தவெளி வேண்டும். தோண்டுவதற்கு மண் வேண்டும். மேய்வதற்குப் புல் வேண்டும். காலையில் காய வெயிலும், உச்சியில் ஒதுங்க நிழலும் ஒரே இடத்தில் வேண்டும். வெயிலில் வைத்த தொட்டியில் நிழலின்றி அடைபட்ட ஆமை வெந்து சாகும். ஈரம் காக்கும் ஒரு மறைவிடம் வேண்டும். ஏறி இறங்கத் தக்க ஆழமில்லாத் தட்டில் நாள்தோறும் மாற்றிய தூய நீர் வேண்டும். சுண்ணாம்புக்குக் கணவாய் ஓடு வேண்டும். ஊர்வன அறிந்த மருத்துவர் எட்டும் தொலைவில் வேண்டும். இத்தனையும் பல பத்தாண்டுகள் வேண்டும். ஏனெனில் ஆமை நெடுநாள் வாழும் உயிர்.

இப்பட்டியலை மீண்டும் படியுங்கள். வெயில், நிழல், மண், புல், மழை, மறைவு. இது யாருடைய வீடு? ஆந்திரம், கருநாடகம், தமிழகம், குசராத்து, இராசத்தான், இலங்கை ஆகிய நிலங்களின் புதர்க்காடுதானே! காட்டில் விலையின்றிக் கிடைத்த வீட்டைப் பறித்துக்கொண்டு, நகரத்தில் அதன் போலி ஒன்றைக் கட்ட முயல்கிறோம். கட்டவும் முடிவதில்லை.

இந்திய நட்சத்திர ஆமையைப் பொறுத்தவரை இந்தியாவில் "எப்படி வளர்ப்பது?" என்ற கேள்விக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைப்பதும் குற்றம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. இந்தியாவும் இலங்கையும் வங்கதேசமும் செனகலும் முன்மொழிய, 2019-இல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள் இவ்வாமையின் பன்னாட்டு வணிகத்தையே தடுக்கும் உயர்பட்டியலில் அதனைச் சேர்த்தன.

ஏன் இத்தனை கடுமை? "நாங்கள் வாங்கியது ஒன்றுதானே?" என்று என் இளவல் கேட்டார். நியாயமான கேள்வி. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, தென்னிந்தியாவின் ஒரே ஒரு வணிக மையத்திலிருந்து ஓராண்டில் 55,000-க்கும் மேற்பட்ட நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து திருடப்படுவதாகக் கண்டது. அத்தனையும் ஒன்று ஒன்றாக விலைபோனவை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், "ஒன்றுதானே?" என்றிருப்பார். சாக்கிலும் பெட்டியிலும் அடைபட்டு வழியில் செத்தவற்றின் விலையும் நாம் கொடுத்த பணத்தில் அடங்கும்.

அந்தக் கூட்டம் கடல் கடந்தும் போயிற்று. நம்மவர் வாழும் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானமேறிப் பெங்களூருவுக்குத் திரும்பி வந்தன. திருடிச் சென்றதைத் திருப்பி அனுப்ப அங்கும் நல்லோர் இருந்தனர். ஏற்றுக்கொள்ளக் கருநாடக வனத்துறை இருந்தது. வெளிநாட்டிலிருந்தே ஆமை வீடு திரும்ப முடியுமாயின், ஜீவனஹள்ளியிலிருந்து திரும்ப முடியாதா?

அத்தைக்கு வேறொரு எண்ணம் இருந்தது. "பாவம், வேண்டாம்னா அலசூர் ஏரியில விட்டுடலாமே, தம்பி. நிறைய தண்ணி இருக்கு. பொழைச்சுக்கும்" என்றார். நல்ல மனத்தில் பிறந்த தீய யோசனை! நட்சத்திர ஆமை நீந்தத் தெரியாத நில உயிர். ஆழ்நீரில் விட்டால் மூழ்கி இறக்கும். அந்த ஏரிக்கரையில்தான் 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை இருக்கிறது. அடக்கமுடைமைக்கு ஆமையை ஆசிரியனாகக் காட்டிய அப்பெருமானின் கண்ணெதிரே ஓர் ஆமையை நீரில் மூழ்கடிப்பதோ? அருகிலுள்ள தோப்பில் விடுவதும் தீர்வன்று. நோயுற்ற ஆமை தானே பிழைக்காது. பிழைத்தாலும் காட்டு ஆமைகளுக்கு நோயைக் கொடுக்கும். எங்கே விடலாம், எப்போது விடலாம் என்பதை அறிந்தவர் முடிவு செய்ய வேண்டும்.

அந்த அறிந்தவர்கள் இந்நகரிலேயே இருக்கிறார்கள். மல்லேசுவரத்தில் வனத்துறையின் அரண்ய பவனம் இருக்கிறது. கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் வனவிலங்கு மருத்துவமனை இருக்கிறது. பன்னேருகட்டாவில் உயிரியல் பூங்கா இருக்கிறது. அவர்களிடம் தொலைபேசியில் பேசுங்கள். அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படையுங்கள். அதுவரை உள்ள ஓரிரு நாளுக்கு, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் உலர்ந்த துணியோ தாளோ விரித்து, நிழலான அமைதியான இடத்தில் வையுங்கள். ஆழமில்லாத் தட்டில் நீரும், கழுவிய அருகம்புல்லும் செம்பருத்தி இலையும் கொடுங்கள். எண்ணெய் வேண்டா, மஞ்சள் வேண்டா, கடையில் வாங்கிய களிம்பும் வேண்டா.

அன்று உணவு முடிந்தபின் அவ்வீட்டில் நெடுநேரம் பேச்சு நடந்தது. மாமா அஞ்சினார். தண்டனைக்கு அஞ்சினார், அதைவிட, ஆமை போனால் கடை படுத்துவிடுமோ என்றும் அஞ்சினார். நான் ஒன்றே கேட்டேன். "மாமா, நான்கு வருடமாகக் கடை நடப்பது உங்கள் உழைப்பாலா, இந்தத் தொட்டியாலா?" அவர் விடை சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே தம் வண்டியில் என்னையும் ஆமையையும் ஏற்றிக்கொண்டு நகரின் மருத்துவமனை ஒன்றுக்கு வந்தார்.

மருத்துவர் ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண்ணைத் தூய்மை செய்யலாம், எலும்பை உறுதியாக்கலாம், ஆனால் குவிந்த ஓடு இனி ஒருநாளும் சமமாகாது என்றார். இனி வளரும் பகுதி சீராக வளரலாம். பழைய மேடுகள் அப்படியே இருக்கும். காட்டுக்குத் திரும்பும் வலிமை அதற்கு வருமா என்பதை நாள் செல்லச் செல்லவே சொல்ல இயலும் என்றார். மாமா ஒன்றும் பேசாமல் வெளியே வந்து வண்டியருகே நின்றார். "எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தோம்" என்றார். அவ்வளவே.

அந்தச் சொல்லை நான் மறக்க முடியவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் செய்தார்கள். ஆனால் எதைப் பார்த்தார்கள்? தங்கள் அன்பைப் பார்த்தார்கள். தங்கள் நற்பேற்றைப் பார்த்தார்கள். நாள்தோறும் கண்முன் குவிந்துவந்த ஓட்டைப் பார்க்கவில்லை. அச்சிறுமி ஒருத்திதான் பார்த்தாள். பார்த்ததைக் கேள்வியாகவும் கேட்டாள்.

மாணவ நண்பர்களே! விடுதி அறையில் துணையாக இருக்கட்டும் என்றோ, பிறந்தநாள் பரிசு என்றோ, தேர்வில் வெற்றி தரும் என்றோ ஆமை வாங்க எண்ணுவோர் நம்மிடையே இருக்கலாம். கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினால் கொண்டுவந்து தருகிறேன் என்பவரும் இருக்கலாம். மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே உறவினர் வீட்டில் ஓர் ஆமை இருந்தால், பழி சொல்லாமல், அச்சுறுத்தாமல், அருகே அமர்ந்து பேசுங்கள். அதன் ஓட்டைக் காட்டுங்கள். கற்றவர் செய்யத்தக்க கடமை அது.

ஆமை தன் வீட்டைத் தானே சுமந்து பிறக்கிறது. நம்மிடம் அது வீடு கேட்கவில்லை. அதன் வீட்டை நாம் கெடுக்காதிருந்தால் போதும்.

ஜீவனஹள்ளி வீட்டுக் கொல்லையில் அந்த நீலத் தொட்டி இன்றும் இருக்கிறது. இப்போது அதில் துணி ஊறுகிறது. கடையும் வழக்கம்போல் நடக்கிறது.